மாமா புதைத்த மீன்

ஆக்லாந்தில் வளர்ந்த என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்களை முதன்முதலில் மொழிபெயர்க்க நிறுத்தியபோது உங்களுக்கு என்ன வயது? எனக்கு ஒன்பது. டொக்டரிடம் அம்மாவின் வயிற்றுவலியை நான்தான் சொன்னேன். வீட்டுக்காரனிடம் கூரை ஒழுகுவதை நான்தான் சொன்னேன். வரிக் கந்தோரில் இருந்து அழைப்பு வந்தால் அப்பா தொலைபேசியை என் காதில் வைத்துவிட்டுப் பக்கத்தில் கைகட்டி நிற்பார். நீங்களும் இதையெல்லாம் செய்திருப்பீர்கள். இப்போது நாற்பதைத் தாண்டிய வயதில், பிறந்தநாள் வீடுகளில் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். நானும் சிரிக்கக்கூடிய கதைகளைத்தான் அங்கே சொல்லிவந்திருக்கிறேன். இதை யாருக்கும் சொன்னதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பதினொரு வயதில், ஒக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிந்த ஒரு மீன்பிடிப் பருவத்தின் கதை இது.

மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு பழைய மரவீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையொன்றுக்கு மனேஜராக இருந்தவர். இங்கே பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் நின்றார். ஆங்கிலக் கடிதங்களை அகராதி வைத்து வாசித்துவிடுவார். ஆனால் இந்த நாட்டுக்காரர் வாய் திறந்தால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. அம்மா முதியோர் இல்லம் ஒன்றில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்தா. அவ மன்னார்க் கரையில் வலை இழுத்த குடும்பம். அப்பா அதை வாய்விட்டுக் குறை சொன்னதில்லை. ஆனால் பூசை முடிந்து வரும்போது யாராவது அம்மாவின் ஊரை விசாரித்தால், அவர் உடனே மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்.

மாமா அம்மாவின் தம்பி. சண்டைக்குள் படகேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் நாலைந்து வருடம் கிடந்து, யாரோ ஏஜென்ட் ஒருவனைப் பிடித்து இங்கே வந்து இறங்கியவர். மாமியை முகாமிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஆறு மாதத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம். எங்கள் முன்னறை சோபாதான் அவருடைய படுக்கை. விடிய எழும்பியதும் போர்வையை மடித்துச் சோபாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிடுவார், அங்கே யாருமே படுக்காததுபோல. அவருடைய அகதிக் கோரிக்கை தள்ளுபடியான கடிதத்தையும் நான்தான் வாசித்தேன். நாலு பக்கம். கடைசியில், "இல்லையாம் மாமா" என்று சொன்னேன். "சரி பிள்ளை" என்று சொல்லிவிட்டு, அவிழ்ந்திருந்த என் சப்பாத்து நாடாவைக் குனிந்து கட்டிவிட்டார்.

அந்த நாட்களில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா புதன்கிழமைகளில் ஆங்கிலம் படிப்பித்தா. அவவுடைய கணவர்தான் நான் சொல்லப்போகிற மனிதர். எங்கள் வீட்டில் அவருக்கு 'மீன்காரர்' என்று பெயர். மீன் விற்பவர் அல்ல. வெளிநாட்டில் இருந்து வரும் வசதியானவர்களை விமானநிலையத்திலேயே ஏற்றி, இரண்டு மூன்று மணி நேரம் தெற்கே ஓட்டிப்போய், பண்ணைகளுக்குள் ஓடும் தனியார் ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிக்கக் கூட்டிச்செல்லும் வழிகாட்டி. பொதுமக்கள் கால் வைக்க முடியாத ஓடைகள் அவை. பண்ணைக்காரர் சம்மதித்தால் மட்டும்தான் கேற் திறக்கும். மீன்காரருக்கு முழங்கால் பழுதாகியிருந்தது. பை தூக்கவும் கேற் திறக்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. மனைவியின் வகுப்பில் கடைசி வாங்கில் ஒன்றும் பேசாமல் இருந்த மாமாவைக் கூட்டிப்போனார்.

இரண்டாம் கிழமையே மாமா பை தூக்குகிறவராக இல்லாமல் போய்விட்டார். ஓடும் தண்ணீருக்குள் மீன் நிற்பது அவருக்குத் தெரிந்தது. இருபது வருடம் அந்தத் தொழிலில் இருந்த மீன்காரருக்கே தெரியாத இடத்தில் தெரிந்தது. தண்ணீரின் மினுக்கத்தை மறைத்து அடியைக் காட்டும் ஒரு மூக்குக்கண்ணாடியை மீன்காரர் அவருக்கு வாங்கிக் கொடுத்தார். பித்தளை நிறத்தில் இருக்கும். மாமா அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, என்னுடைய பழைய உள்சட்டைத் துணியில் சுற்றி வைப்பார். எங்கள் வீட்டில் இருந்த பொருட்களுக்குள் அதுதான் விலை கூடியது என்று நினைக்கிறேன்.

ஒருநாள் அவர் ஒரு பூச்சியைக் கொண்டுவந்து காட்டினார். பூச்சி என்றால் தூண்டில் முள்ளில் முயல்மயிரும் இறகும் சுற்றிக் கட்டிய பொய்ப் பூச்சி. என் சின்னவிரல் நகத்தைவிடச் சிறிது. அம்மா அதை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தா.

"இதைக் கட்டி ஏமாத்திப் பிடிக்கிறது. பிடிச்சுப்போட்டுத் திரும்ப ஆத்திலயே விடுறது" என்றார் மாமா.

"விடுறதோ? எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்தான் அக்கா. ஒண்டும் தின்னுறேல்லை."

"பின்ன என்னத்துக்கு மினக்கெட்டுப் பிடிக்கினம்?"

மாமா யோசித்தார். "அது எனக்கு விளங்கேல்லை. ஆனா விடேக்க நல்லாயிருக்கு."

அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்து சிரித்தார். கோயிலில் கேட்பவர்களுக்கு அவர், "மச்சான் சுற்றுலாத்துறையில வேலை" என்று சொல்லிவந்தார்.

ஆனால் அந்த வேலையில் அப்பாவுக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. இந்த வேலைக்கு இவரைப்போல் இன்னொருவர் இங்கே கிடைக்கமாட்டார் என்று வேலை கொடுப்பவர் எழுதித் தந்தால், வேலை விசாவுக்குக் கேட்டுப்பார்க்கலாம், பிறகு மாமியையும் கூப்பிடலாம் என்று லோயர் சொல்லியிருந்தார். நான் மீன்காரரிடம் கேட்டேன். பருவம் முடியட்டும், ஏப்ரல் கடைசியில் உட்கார்ந்து நல்ல கடிதமாக எழுதித் தருகிறேன் என்றார். மாமா அன்றே மாமிக்கு எழுதினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஏவன்டேல் சந்தையில் மாமிக்கு ஏதாவது வாங்கி வருவார். ஒரு கம்பளித் தொப்பி, சிப்பிப் பொத்தான் வைத்த ஒரு சட்டை. எல்லாம் சோபாவுக்குப் பின்னால், போர்வைக்குக் கீழே.

ஜனவரி விடுமுறையில் ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார்கள். பண்ணைக்காரர் மாமாவுடன் நேரில் கதைக்க விரும்பினாராம். அதற்கு நான் தேவைப்பட்டேன். கேற்றடியில் சாண வாசமும் வெயிலில் காய்ந்த புல்லின் வாசமும். சில்வண்டுகளின் இரைச்சலில் காது அடைத்தது. பண்ணைக்காரர் உயரமான கிழவர், கம்பளிச் சொக்ஸ், கையில் விரல் இரண்டு இல்லை. என்னைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினார். இந்த ஓடையில் ஒரு மீன்கூடச் சாகக்கூடாது, செத்தால் இந்தக் கேற் உங்களுக்கு மறுபடி திறக்காது, இதை அவருக்குச் சொல்.

"ஒரு மீனும் சாகக்கூடாதாம் மாமா. செத்தா இனி விடமாட்டாராம்."

"ஓம் எண்டு சொல்லு. எனக்கும் அதுதான் விருப்பம் எண்டு சொல்லு."

சொன்னேன். பண்ணைக்காரர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மீன்காரர் என் ஆங்கிலத்தைப் புகழ்ந்தார். இந்தப் பிள்ளை ஒருநாள் வானொலியில் செய்தி வாசிக்கும் என்றார். அந்தப் புகழ்ச்சி எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

பிறகு மாமா என்னைக் கரையில் வயிறு படியப் படுக்க வைத்தார். ஓடை கண்ணாடிபோல, கால் வைத்தால் எலும்பு கூசும் குளிர். வில்லோ மரத்தின் வேர்கள் தண்ணீருக்குள் சிவப்பு மயிர்போல ஆடின. அவர் தன் கண்ணாடியை என் மூக்கில் மாட்டிவிட்டார்.

"தெரியுதோ?"

"இல்லை மாமா."

"மீனைப் பாக்காத. அடியில நிழலைப் பார். நிழல் ஆடுதெல்லோ? இப்ப மெல்ல மேல வா."

வந்தேன். அங்கே என் முழுக் கையின் நீளத்தில் ஒரு மீன், ஓடும் தண்ணீரில் ஓடாமல் நின்றது. பழுப்பு முதுகில் கறுப்புப் புள்ளிகள், விலாவில் இரண்டு மூன்று சிவப்பு. வாய் வெள்ளையாகத் திறந்து மூடியது. அதற்கு வயது பத்துக்கு மேல் இருக்கும் என்றார் மாமா. பண்ணைக்காரர் பின்னேரங்களில் வந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம். மாமா அதைப் 'பெரியவள்' என்று சொன்னார். அன்று யாரும் அவளுக்குத் தூண்டில் போடவில்லை. நாங்கள் அரைமணி நேரம் அப்படியே படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா சந்தோஷமாக இருந்ததை நான் கண்ணால் கண்டது அந்த அரைமணி நேரம்தான்.

ஏப்ரல் கடைசிக் கிழமை, ஒரு புதன்கிழமை பின்னேரம், மாமா சேர்ட் இல்லாமல் வீட்டுக்கு வந்தார். வெறும் பெனியனுக்கு மேல் மழைக்கோட். நகங்களுக்குள் மண். குளியலறையில் நெடுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அம்மா கதவைத் தட்டினா.

"தம்பி, என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை அக்கா."

அதற்குமேல் கேட்டும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மீன்காரர் தொலைபேசி எடுத்தார். குரல் வேறாக இருந்தது. நாளை காலை வருகிறேன், உன் மாமாவையும் அப்பாவையும் வீட்டில் இருக்கச் சொல் என்று மட்டும் சொன்னார். அப்பா மாமாவைக் குசினி மேசையில் இருத்தினார். அப்போதுதான் மாமா சொன்னார்.

புதன்கிழமை மீன்பிடிக்க வந்தவர் வயதான ஒரு வெளிநாட்டுக்காரர். வாழ்நாளில் பிடித்த எல்லா மீன்களைவிடவும் பெரிய மீனைப் பிடித்துவிட்டார். பெரியவள்தான். படம் எடுக்கத் தூக்கினார். கமெராவில் ஃபில்ம் முடிந்துவிட்டது. மீன்காரர் நொண்டி நொண்டி வாகனத்துக்குப் போய் வேறு ஃபில்ம் எடுத்துவரும்வரை அந்த மனிதர் அவளைத் தண்ணீருக்குள் விடாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். மாமா தண்ணீரைக் காட்டிக் காட்டிச் சைகை செய்தாராம். அந்த மனிதர் தலையாட்டிச் சிரித்தாராம். மீன்காரர் திரும்பி வந்து நாலைந்து படம் எடுத்தார். பிறகு மாமாவின் கையில் மீனைக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

"தண்ணி வாற பக்கம் முகத்தை வைச்சு நெடுநேரம் பிடிச்சனான் அத்தான். செவிள் அசைஞ்சுது. ஒருக்கா வாலையும் அடிச்சாள். பிறகு இல்லை."

"பிறகு என்ன செய்தனீ?"

"விட்டா விலாங்கு தின்னும். சேட்டில சுத்திக்கொண்டு போய் மேல மேட்டில தாட்டுப்போட்டன்."

அவர் எதையோ சேர்ட்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனதைப் பண்ணையில் வேலை செய்யும் ஒருவன் தூரத்தில் இருந்து பார்த்திருக்கிறான்; அது பண்ணைக்காரர் வழியாக மீன்காரரின் காதுக்குப் போயிருக்கவேண்டும்.

"ஏனடா நீ அந்தாளிட்ட உடன சொல்லேல்லை?" என்று அம்மா கேட்டா.

"என்னெண்டு அக்கா சொல்லுறது? எனக்கென்ன பாஷையே தெரியும்? அவை சந்தோஷமாச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவை."

அப்பா எழும்பிக் குசினிக்குள் நடந்தார். கடை நடத்தியவர். ஆட்களின் கோபத்தை எப்படி ஆற்றுவது என்று தனக்குத் தெரியும் என்பது அவருடைய எண்ணம்.

"நடந்ததைச் சொன்னா ஆர் நம்புவான்? செத்த மீனுக்குக் குழி வெட்டித் தாட்டவன் எண்டா, விசரன் எண்டெல்லோ நினைப்பான்? விசரனுக்கு ஆர் கடிதம் குடுப்பான்? தெரியாமக் கொண்டுவந்து சாப்பிட்டுட்டம் எண்டு சொல்லுவம். அது அவனுக்கு விளங்கும். பாவம், தெரியாத சனம் எண்டு விட்டிடுவான்."

"நான் தின்னேல்லை அத்தான்."

"தெரியும் மச்சான். உனக்காகத்தான் சொல்லுறன். உங்கட ஆக்கள் மீன் தின்னாம விட்டவை எண்டு எந்த மடையன் நம்புவான்?"

அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டா. பண்ணைக்காரர் ஜனவரியில் சொன்னதும், அதை நான் மாமாவுக்குச் சொன்னதும், மீன்காரர் பக்கத்தில் நின்று கேட்டதும் எனக்கு நினைவில் இருந்தன. அப்பாவுக்கு அது தெரியாது. நான் சொல்லவில்லை. அப்பா கோபமாக இருக்கும்போது எங்கள் வீட்டில் யாரும் குறுக்கே பேசுவதில்லை. வேறொரு காரணமும் உண்டு. மீனைப் புதைத்த கதையை என் ஆங்கிலத்தைப் புகழ்ந்த மனிதரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா சொன்னதுதான் சரி என்று எனக்கும் பட்டது. எங்களை விசரர் என்று அவர் நினைக்கக்கூடாது.

சனிக்கிழமை காலை மீன்காரர் வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். அப்பா மினுக்கிய சேர்ட் போட்டிருந்தார். மாமா கதவோரம் நின்றார், உட்காரவில்லை. அம்மா தேநீர் வைத்தா. யாரும் குடிக்கவில்லை.

மீன்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார். "அந்த மீனுக்கு என்ன நடந்தது என்று அவரிடம் கேள். எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு உண்மை வேண்டும்."

நான் மாமாவிடம் கேட்டேன். மாமா என்னைத்தான் பார்த்தார். "பிள்ளை, செத்துப்போச்சு எண்டு சொல்லு. எவ்வளவோ பாத்தனான் எண்டு சொல்லு. தாட்ட இடத்தைக் காட்டுறன், இப்பவே வரட்டாம் எண்டு சொல்லு."

"நான் சொன்னதைச் சொல்லு" என்றார் அப்பா, மேசையைப் பார்த்தபடி.

இரண்டு பேர் சொல்லி முடித்துவிட்டார்கள். மீன்காரர் காத்திருந்தார். நான் சொன்னேன்: மாமா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார், நாங்கள் சாப்பிட்டோம். கூடாது என்று அவருக்குத் தெரியாது. அவர் மன்னிப்புக் கேட்கிறார்.

மன்னிப்புக்கான அந்த ஓர் ஆங்கிலச் சொல் மாமாவுக்கும் தெரியும். அவருடைய முகம் மெல்ல என்னிடம் இருந்து திரும்பி ஜன்னலுக்குப் போனது.

மீன்காரர் மடியில் இருந்த தொப்பியை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, கோபம் இல்லாமல் சொன்னார். "ஆனால் அவருக்குத் தெரியும். ஜனவரியில் நீதானே சொன்னாய். நான் பக்கத்தில் நின்றேன்."

"என்ன சொல்லுறான்?" என்று அப்பா கேட்டார். மீன்காரர் எழும்பித் தொப்பியைப் போட்டுக்கொண்டார். அந்த ஓடை இனித் தனக்கும் இல்லை என்றார். வாசலில் மாமாவுக்கு முன்னால் ஒரு கணம் நின்றார். மாமா சட்டைப்பையில் இருந்த கண்ணாடியை எடுத்து நீட்டினார். மீன்காரர் வாங்காமல் படியிறங்கிப் போனார்.

கடிதம் வரவில்லை. அகதிக் கோரிக்கையோடு கிடைத்திருந்த தற்காலிக வேலைப் பத்திரம் ஜூனில் முடிந்தது. நாட்டைவிட்டுப் போகச் சொல்லி வந்த கடிதத்தையும் வாசிக்க அப்பா என்னைத்தான் கூப்பிட்டார். மாமா வேண்டாம் என்றார். "அதுக்கு வாசிப்பு வேணாம். எனக்குத் தெரியும்." என்னை அவர் ஒரு நாளும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். கேட்டதற்குப் பதில் சொல்வார், சோற்றை என் பக்கம் தள்ளி வைப்பார், ஆனால் தானாக என்னிடம் ஒரு வார்த்தை தொடங்கவில்லை. ஓகஸ்டில், பகல் விமானத்தில் போனார். சோபாவுக்குப் பின்னால் சேர்த்த சாமான்கள் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கின. கண்ணாடியை எங்கே விட்டார் என்று தெரியவில்லை. வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்து கடிதம் ஒன்று வந்தது. சுகமாக இருக்கிறேன், மன்னாருக்குப் போகப் பாதை பார்க்கிறேன், பிள்ளை நல்லாப் படிக்கட்டும் என்று. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அம்மா அந்த லொட்ஜுக்கு எழுதினா, பாதிரியார்களுக்கு எழுதினா, யார் யாருக்கோ எழுதினா. முகாமில் இருந்து மாமியும் எழுதிக்கொண்டிருந்தா, ஏதும் தெரிந்ததா, ஏதும் தெரிந்ததா என்று. இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இருந்த கடிதங்கள் ஒரு பிஸ்கற் பேணி நிறைய இருந்தன.

இருபது வயதில், பல்கலைக்கழகம் போய்க்கொண்டிருந்தபோது, பக்குரங்காவில் மீன்காரரின் வீட்டைத் தேடிப் போனேன். பிளாசாவில் பஸ் இறங்கி, வழி கேட்டு, உண்மையைச் சொல்லப் போனேன். அவர் மிகவும் கிழண்டுபோயிருந்தார். என்னை அடையாளம் கண்டு உள்ளே கூப்பிட்டார். நான் தொடங்குவதற்குள், "எனக்குத் தெரியும்" என்றார்.

மாமா போன அடுத்த மாதம் வெள்ளம் வந்து ஓடையின் மேட்டைக் கரைத்திருக்கிறது. பண்ணைக்காரரே கண்டெடுத்தாராம். கோடுபோட்ட சேர்ட், பொத்தான் எல்லாம் பூட்டியபடி, உள்ளே முள்ளும் தலையும். அவர் அதை மீன்காரரிடம் கொண்டுவந்து காட்டிவிட்டு, அந்த ஆளைத் திரும்பக் கூட்டிவா என்றாராம்.

"அன்றே உங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். கடிதம் எழுதித் தருகிறேன், அவர் எங்கே இருந்தாலும் அனுப்புகிறேன் என்று சொன்னேன். உன் அப்பாதான் எடுத்தார்."

"அப்பா என்ன சொன்னார்?"

"அறிவித்ததற்கு மிக்க நன்றி என்றார். வைத்துவிட்டார்."

அப்பாவுக்குப் பிழையில்லாமல் சொல்ல வந்த நாலைந்து ஆங்கில வசனங்களில் அது ஒன்று. எல்லா அழைப்புக்கும் அதைத்தான் சொல்வார். ஒரு வார்த்தையும் விளங்காமல் அதைச் சொன்னாரா, எல்லாம் விளங்கியும் அதைச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பேன். அந்த மாதம் மாமா கொழும்பில்தான் இருந்தார். லொட்ஜின் முகவரி எங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பிடி ஒருத்தரும் எடுக்கேல்லை" என்றார். கை சோற்றிலேயே நின்றது. "எடுத்திருந்தாலும் எனக்கென்ன விளங்கும்? நீதானே எல்லாம் கதைக்கிறனீ."

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவ ஒன்றும் தெரியாமலேயே செத்துப்போனா. அப்பாவும் போய்விட்டார்.

மாமி சண்டை முடிந்த பிறகு மன்னாருக்குத் திரும்பினா. சில வருடங்களுக்கு முன் போய்ப் பார்த்தேன். தகரக் கூரை வீடு, வாசலில் வலைத்துண்டால் வேலி போட்ட நாலு மிளகாய்க் கன்று. எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு எதிரே உட்கார்ந்தா.

"அவர் அங்க என்ன வேலை பிள்ளை செய்தவர்? எழுதினவர்தான், எனக்கு வடிவா விளங்கேல்லை."

சொன்னேன். மீனைக் கண்டு காட்டுகிற வேலை, பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடுகிற வேலை என்று.

"விடுறதோ? இந்த மனுசனோ?" மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தா. பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டா: "அவ்வளவு நல்ல வேலை எண்டா, பிறகேன் அவரைத் திருப்பி அனுப்பினவங்கள்?"

அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

"விசா குடுக்கேல்லை மாமி" என்றேன்.

"ஓம், அப்பிடித்தான் நாங்களும் கேள்விப்பட்டனாங்கள்" என்று சொல்லிவிட்டு, என் கோப்பையை எடுத்துக்கொண்டு மாமி உள்ளே போனா.